ஈரக்குடையை விரித்தவர்

"திரும்பி வந்துவிட்டேன் என்கிறீர்களே, எங்கே போயிருந்தீர்கள்? முந்தாநாள்கூட எழுதினீர்களே!"

தம்முடைய வலைப்பூவுக்கு வந்திருந்த அந்தப் பின்னூட்டத்தைக் குறிப்பாளர் ஒருமுறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். கண்ணாடியின்மேல் குற்றமில்லை என்று தெரிந்தது.

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் அதை எழுதித்தான் ஆக வேண்டும். மருந்து நிறுவனம் ஒன்றில் அந்த ஒருவராக இருப்பதுதான் குறிப்பாளரின் உத்தியோகம். 'அபூர்வமாகச் சிலருக்குத் தலைச்சுற்றல் ஏற்படலாம்' என்று எழுதி எழுதி, அலுவலகத்தில் அவருக்கு 'அபூர்வம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவர் 'ஈரக்குடை' என்ற பெயரில் வலைப்பூ ஒன்று எழுதிவந்தார். மழை, பேருந்து, பூட்டிய வீடுகள் என்று மனத்தில் பட்டதையெல்லாம் எழுதுவார். வாசகர்கள் சிலர் இருந்தார்கள். வேலையில் சேர்ந்தபின், காலையெல்லாம் தலைச்சுற்றலை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து மழையை எழுதக் கை வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டதில் ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற வாரம் பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண்மணி குடையை உதற, இரண்டு துளி வந்து அவருடைய கன்னத்தில் விழுந்தது. அந்தக் குளிர்ச்சியோடு வீட்டுக்கு வந்தவர், மீண்டும் எழுதுவது என்று முடிவு செய்தார். தாளில் எழுதும் மனிதரைத் தவிரத் தமக்குள் வேறு யாரும் மிச்சமிருக்கிறாரா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மறந்துபோன கடவுச்சொல்லை ஒருவழியாக மீட்டெடுத்து, பக்கத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வெட்கத்தோடு நேரே எழுதும் கட்டத்துக்குள் நுழைந்து அவர் வெளியிட்ட பதிவு இதுதான்:

'மதிப்பிற்குரிய வாசகர்களுக்கு வணக்கம். நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்பி வந்துவிட்டேன். இதனால் தங்களுக்கு ஏற்படக்கூடிய சிரமங்களுக்கு முன்கூட்டியே வருந்துகிறேன். ஓரிருவருக்கு லேசான சலிப்பு உண்டாகலாம். அது தானாகவே நீங்கிவிடும்.'

அதற்குத்தான் 'பக்கத்து இருக்கை' என்ற புனைபெயர்க்காரர் அப்படிக் கேட்டிருந்தார்.

குறிப்பாளர் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தார். முந்தாநாள் ஒரு பதிவு இருந்தது. அதற்குக் கீழே அதற்கு முந்தின நாள் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அவர் கைவிட்ட பிறகும் ஈரக்குடை ஆண்டுக்கணக்கில் தானாக விரிந்து மடங்கிக்கொண்டிருந்தது.

'மழை வந்து கதவைத் தட்டியது. யார் என்று கேட்டேன். ஒருவர் இல்லை, பலர் என்றது.'

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'என் சட்டைப் பைக்குள் ஒரு ரயில் நிலையம் இருந்தது. வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோரும் என்னுடைய பழைய சட்டைகளைப் போட்டிருந்தார்கள். ஒருவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.'

ஒவ்வொன்றுக்கும் கீழே பின்னூட்டங்கள் வரிசை கட்டி நின்றன. 'இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக மனமில்லை' என்று ஒருவர். 'என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்' என்று இன்னொருவர்.

எங்கோ தொலைவில் யாரோ மெதுவாகப் பாடுவதைக் கேட்பது போல இருந்தது அவருக்கு. பாட்டு அழகாக இருந்தது. அதைத் தாம் பாடவில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கீழே போனபோது ஒரு வரி அவரைத் தூக்கிவாரிப் போட்டது. 'மேற்பார்வையாளருக்கு முன்பே அவருடைய மீசை அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறது.' அது அச்சு அசல் அவருடைய மேற்பார்வையாளரின் மீசை. அடுத்த பதிவில், 'மேசைமேல் பற்கள் கூடி உட்கார்ந்து, வாய் வேண்டுமா வேண்டாமா என்று கூட்டம் நடத்தின' என்றிருந்தது. அவருடைய மனைவிக்குப் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை. முடிக்காத பற்களைச் சில நாள் வீட்டுக்கும் கொண்டுவந்து மேசைமேல் பரப்புவார்.

ஆக, எழுதுகிற ஆளுக்கு மீசையும் தெரியும், பல்லும் தெரியும்.

மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்து முகம் கழுவும்வரை பொறுத்திருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க. இவ்ளோ பெரிய பீடிகை எதுக்கு?"

"உனக்கு எழுதுற பழக்கம் ஏதாவது உண்டா?"

"உண்டே. மளிகை லிஸ்டு."

"அதில்ல. கவிதை மாதிரி..."

மனைவி துவாலையிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். "காலையில இருந்து கடைவாய்ப் பல்லா ராவி ராவி விரலே தேஞ்சு கெடக்கு. வீட்டுக்கு வந்து கட்டைய சாய்ச்சா இடி விழுந்தாலும் தெரியறதில்ல. இதுல கவிதையாம் கவிதை. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுக் கதையெல்லாம் வெளியில யார்கிட்டயாவது சொல்றியா?"

"நம்ம வீட்டுல என்ன கதை இருக்கு சொல்றதுக்கு? நீங்க வாயைத் திறந்தாத்தானே கதை வரும்!"

கூடத்தின் மறுமூலையில் மாமியார் செய்தித்தாளைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சில ஆண்டுகளாக இவர்களோடு இருக்கிறார். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. மரியாதை அப்படி. "மாப்பிள்ளைக்குக் காபி ஆறுதுன்னு சொல்லும்மா" என்று மகள் வழியாகத்தான் செய்தி வரும். மகள் வீட்டில் இல்லாத வேளையில் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். சுவர் சொல்லாவிட்டாலும் காபி குறிப்பாளரை வந்து சேர்ந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகளின் முகத்தைத் திரையில் பார்ப்பதற்காகக் குறிப்பாளர் தம்முடைய பழைய மடிக்கணினியை அந்த அம்மாளிடம் கொடுத்திருந்தார். அதில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மகள் வருவாள், சிவப்பை அழுத்தினால் போய்விடுவாள் என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியாது என்பது குறிப்பாளரின் துணிபு.

மறுநாள் அலுவலகத்தில் மேற்பார்வையாளரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"சார், நீங்க ஓய்வு நேரத்துல ஏதாவது எழுதுறது உண்டுங்களா?"

மீசை முதலில் அசைந்தது. "ஓய்வா? எனக்கா? உன் தாளத் திருத்தவே நேரம் பத்தல. ஏன்யா, நான் உன்னப் பத்தி மேல ஏதாவது எழுதிப் போட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஐயய்யோ, இல்லைங்க சார்."

"எழுதல. ஆனா நீ கேட்டதும் எழுதலாமான்னு தோணுது."

குறிப்பாளர் வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னோக்கி நடந்தே வெளியேறினார்.

வீட்டுக்கு வந்து வலைப்பூவைத் திறந்தால் 'பக்கத்து இருக்கை' மறுபடியும் எழுதியிருந்தார். 'ஐயா, யாரோ உங்கள் வலைப்பூவுக்குள் புகுந்து அறிவிப்புப் பலகை போல எதையோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஓரிருவருக்குச் சலிப்பாம்! உங்கள் நடை எங்களுக்குத் தெரியாதா?'

குறிப்பாளருக்குக் காது சிவந்தது. 'மதிப்பிற்குரியீர், அது நான்தான். இந்த வலைப்பூவைத் தொடங்கியவனே நான்தான்' என்று பணிவாக மறுமொழி எழுதினார்.

'போலிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்' என்று பதில் வந்தது. 'மெய்யானவர் இதைப் படித்தால், தயவுசெய்து உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.'

மெய்யானவர் தாமே என்பதால், அவர் உடனே கடவுச்சொல்லை மாற்றினார். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று திரை கேட்டது. வெளியேற்று என்று அழுத்தினார். திருடனை வெளியில் தள்ளிக் கதவைச் சாத்திய நிம்மதி ஏற்பட்டது.

புதிய பதிவுகள் வருவது அத்தோடு நின்றது. நிம்மதியும் அன்று மாலையே அவரை விட்டுப் போனது. 'இன்றைக்கு ஒன்றும் இல்லையா?' என்று கேட்கத் தொடங்கிய வாசகர்கள், 'உடம்புக்கு என்ன?' என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கிறேன், உங்கள் பதிவு ஒன்றுதான் எனக்கு ஜன்னல் என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ஜன்னலைச் சாத்திய கை தம்முடையதாயிற்றே. ஈடாக நாமே எழுதிவிட வேண்டியதுதான்.

அச்சுப் பிரிவுக்காக அவருடைய அலுவலகம் விடியற்காலையிலேயே தொடங்கி, மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்வது அவருடைய நெடுநாள் வழக்கம். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உள்ளே வந்து வெளியே போகும். வெயில் தரையில் மெல்ல நகரும். அந்த நேரத்தில் உலகத்துக்கு ஓரமே இல்லாததுபோல இருக்கும். அந்த இன்பத்தை அவர் எழுத்துக்காகத் தியாகம் செய்தார். சாய்வு நாற்காலிக்கு முதுகைக் காட்டி, மேசைமுன் விறைப்பாக உட்கார்ந்து மழையைப் பற்றி எழுதினார்.

'மழை பெய்கிறது. மழையில் நனைவது இனிமையானது. நீண்ட நேரம் நனைந்தால் சளி, இருமல் ஆகியவை ஏற்படலாம். அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.'

'நீங்கள் முதலில் அணுகுங்கள்' என்று முதல் பின்னூட்டம் வந்தது.

மறுநாள் நிலவைப் பற்றி எழுதினார். 'நிலவை நேரடிச் சூரிய ஒளி படாத இடத்தில் காணலாம்' என்று அது முடிந்தது. அதற்கு மறுநாள் காதலைப் பற்றி எழுதி, அதைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

மாமியார் இந்த நாட்களில் சாப்பாடு முடிந்ததும் பழைய மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து மூலையில் வந்து அமர்வார். மாப்பிள்ளை மேசைமுன் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். சற்று நேரம் காத்திருப்பார். பிறகு ஒரு பெருமூச்சோடு எழுந்து உள்ளே போய்விடுவார். மூத்த மகளை அழைக்க வந்தவர், தம் எதிரில் பேசக் கூச்சப்பட்டுப் போகிறார் போலும் என்று குறிப்பாளர் வருந்தினார். மேசையை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தூக்கம் கெட்டதன் வினை அலுவலகத்தில் விடிந்தது. ஒருநாள் காலை, இருமல் மருந்துக்கான தாளை எழுதிக்கொண்டிருக்கையில் அவருக்கு இமைகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. எழுதி முடித்து அனுப்பியது மட்டும் மங்கலாக நினைவிருந்தது. சிறிது நேரத்தில் மேற்பார்வையாளர் அந்தத் தாளோடு நேரே வந்தார்.

"அபூர்வம், இத நான் படிக்கவா, நீயே படிக்கிறியா?"

"நீங்களே படிங்க சார்."

மேற்பார்வையாளர் உரக்கப் படித்தார். "'இம்மருந்தைக் குடித்தபின் படிக்கட்டுகளிடம் அன்பாக நடந்துகொள்ளவும். இருமல் உங்களைவிட்டுப் போகுமுன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அப்போது கையசைக்கவும். அபூர்வமாகச் சிலருக்கு அழுகை வரலாம்.'"

அறை மூலையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பாலா என்று தெரியவில்லை.

"இருமலுக்குக் கையசைக்கணுமாய்யா?"

"மன்னிக்கணும் சார். எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"இது அச்சுக்குப் போயிருந்தா மொத்தக் கம்பெனியும் நமக்குக் கையசைச்சிருக்கும். இன்னொரு தடவ இப்படி வந்துச்சு, நான் உன்னப் பாத்து அசைப்பேன். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு திரும்பும்போது குறிப்பாளர் தம்முடைய நிலைமையை எண்ணிப் பார்த்தார். வலைப்பூவில் தாளின் நடை வருகிறது, தாளில் வேறு எதுவோ வருகிறது. இரண்டு இடத்திலும் தாம் வேண்டாதவராகிக்கொண்டிருக்கிறார். தமக்குள் யாரேனும் மிச்சமிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதானே இதைத் தொடங்கினோம், யாரும் இல்லை என்று பதில் கிடைத்துவிட்டது. இனி அந்த மருத்துவமனைப் பெண்மணிக்கு அவருடைய ஜன்னலைத் திறந்துவிடுவதுதான் நியாயம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கடவுச்சொல்லையே மீண்டும் வைத்தார். பிறகு எழுதினார்:

'என் இடத்தில் இத்தனை காலம் எழுதிவந்த பெருந்தகையீர்! தாங்கள் யார் என்று அறியேன். அறிய முயன்று தங்களை வெளியே தள்ளிவிட்டேன். மன்னித்தருள வேண்டும். கதவைத் திறந்து வைத்துள்ளேன். ஈரக்குடை இனித் தங்களுடையது. தங்களுடைய வாசகர்களில் ஒருவனாக இருக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.'

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அவர் மதியமெல்லாம் கண்கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் மனைவிக்கு விடுமுறை. சாப்பாடு முடிந்து அவர் வழக்கம்போலத் திரைமுன் போய் உட்கார்ந்தபோது மனைவி வந்து நின்றார்.

"என்னங்க, அம்மா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். ரெண்டு நாளா என் உயிரை வாங்குறாங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மாப்பிள்ளைகிட்ட கேளும்மா, நான் ஏதாச்சும் தப்பா அடிச்சுப்புட்டேனான்னு."

"என்னத்தம்மா அடிச்ச?"

"அதான், அந்த மழை, ரயிலு, மீசை எல்லாம். இப்ப கம்ப்யூட்டரைத் திறந்தா உள்ள விடாம ஏதோ வார்த்தை கேக்குது. மாப்பிள்ளைக்கு என் வேலை பிடிக்கலயோ என்னமோ. பிடிக்கலன்னா சொல்லிறச் சொல்லு. நான் திருத்திக்கிறேன்."

குறிப்பாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பழைய மடிக்கணினியைக் கொடுத்தபோது வலைப்பூவை அதில் மூடாமலே கொடுத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவுவரை ஓடி, இரு கைகளையும் கூப்பினார்.

"அத்தை! நீங்களா? இவ்ளோ பெரிய எழுத்தாளர் என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கீங்க. நான் ஊரெல்லாம் தேடிட்டு இருந்தேனே! உங்க கால்ல விழணும் அத்தை."

"ஐயையோ, என்னம்மா இது, மாப்பிள்ளை என்னென்னவோ பேசுறாரு!" மாமியார் பதறிப் பின்வாங்கினார். பதற்றத்தில், இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, அவரிடமே நேராகப் பேசினார். "நான் எங்க மாப்பிள்ளை எழுதுனேன்? நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. என் சர்வீஸ்லயே அந்தப் பேச்சுக்கு எடமில்ல."

"நான் சொன்னேனா? எப்போ?"

"தெனமும்தான். சாப்பிட்டதும் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, நிறுத்தி நிதானமா. எங்க மேனேஜரும் இதே மாதிரிதான். சாப்பிட்டு வந்து சாஞ்சு, கண்ண மூடுனா கடகடன்னு வரும் பாருங்க. நடுவுல நிறுத்தி நீளமா மூச்சு விடுவாரு. யோசிக்கிறாருன்னு நான் காத்திருப்பேன். குறுக்க ஒரு வார்த்தை கேட்டா எரிஞ்சு விழுவாரு. அதனாலதான் உங்களையும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. அவரு சொல்லி நான் அடிச்ச கடுதாசியாலதான் அந்தக் கம்பெனியே அவ்ளோ பெருசா வளந்துச்சு!"

குறிப்பாளர் கூப்பிய கைகளை இறக்கினார். ரயில் நிலையமும், மழையும், கூட்டம் நடத்திய பற்களும் ஒவ்வொன்றாக வந்து அவருக்குள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. இத்தனை நாள் பொறாமைப்பட்ட அந்த மனிதர் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய நாற்காலியில்தான் சாய்ந்திருந்திருக்கிறார்.

மனைவி சாய்வு நாற்காலியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மா, அவரு உனக்குச் சொல்லலம்மா. தூங்கிட்டு இருந்திருக்காரு. அத்தனையும் தூக்கத்துல உளறுனது!"

மாமியார் சிரிக்கவில்லை. வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவருடைய விரல்கள் முந்தானை நுனியில் தாமாக எதையோ தட்டச்சு செய்தன.

"அப்படின்னா... எங்க மேனேஜரு?" என்றார்.